பிரம்பு நாற்காலியைக் கெடுக்கும் அக்கறை

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பிரம்பு நாற்காலியையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், ஹோஸால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, உச்சிவெயிலில் கவிழ்த்துவிட்டு வருவார்கள். அழுக்கு போய்விடும். சில வருஷத்தில் நாற்காலியும் போய்விடும்.

பிரம்பு என்பது பனைக் குடும்பத்துக் கொடி. மூங்கில் மாதிரி உள்ளே பொள்ளல் கிடையாது, முழுக்க நார்தான். வழவழப்பான மேல்தோல் தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் உள்ளே விடாது. ஆனால் அறுத்த முனை, பின்னலின் அடிப்பக்கம், மூட்டுகளில் போட்ட கட்டின் இடுக்கு, இங்கெல்லாம் ஈரம் இறங்கித் தங்கும். அந்த நேரத்தில் கடும் வெயில் பட்டால் தோல் சட்டென்று காய்ந்து வெடிக்கும். இடுக்கில் நின்ற ஈரம் பூஞ்சணம் பூக்கும்.

முதலில் காய்ந்த பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்டுங்கள். தூசி இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் அது சேறாகிப் பின்னலுக்குள் அப்பிக்கொள்ளும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்ட தண்ணீரில் துணியை முக்கி, ஒட்டப் பிழிந்து துடையுங்கள். நிழலில் ஒரு நாள் காயட்டும். அதுவரை யாரும் உட்கார வேண்டாம். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்.

இருக்கை தொய்ந்துவிட்டதே என்று உடனே மாற்றுவதும் அவசரம்தான். பட்டை எதுவும் அறுபடாமல் இருந்தால், நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கம் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். தோல் இல்லாத பக்கம் அதுதான், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நிழலில் காயக்காயப் பட்டை சுருங்கி விறைக்கும்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுகிறார்கள். இரண்டும் மரச்சாமானில் நன்றாகக் காய்ந்து இறுகாது. பிசுபிசுவென்று நின்று தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். வார்னிஷ் அடிக்காத பிரம்பில் லேசாகத் தேய்த்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியே காயப்போட வேண்டும். இருக்கையில் தடிமனாக வார்னிஷ் பூசுவதும் வீண். உட்காரும்போது பின்னல் நெளியும், வார்னிஷ் நெளியாது, உரிந்து வரும்.

நாற்காலிக் காலடியில் டால்கம் பவுடர் கொட்டினாற்போல மெல்லிய தூள் கிடந்தால் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். குண்டூசித் துளைகளும் தெரிந்தால் துளைப்பது வண்டு. மேலே மருந்து அடிப்பது உள்ளே இருக்கும் அதன் புழுவை எட்டாது. அந்த நாற்காலியை மற்ற மரச்சாமான்களிலிருந்து உடனே விலக்கிவைத்து, பிரம்பு வேலைக்காரரிடம் காட்டுங்கள். சிதம்பரம்–சீர்காழி சாலையில் தைக்கால் மாதிரி பிரம்பு வேலை நடக்கும் ஊர்ப்பக்கம் போனால் விசாரிக்கலாம்.

பிளாஸ்டிக் பட்டையில் பின்னியது என்றால் இந்தக் கவலையே இல்லை, தாராளமாகக் கழுவலாம். உள்சட்டம் இரும்பாக இருந்தால் துருவை மட்டும் பாருங்கள்.

கால் ஆடுகிறது என்று பெரிய ஆணி அடிப்பவர்கள் உண்டு. பிரம்பு நீளவாக்கில் பிளந்துவிடும். பெரும்பாலும் மூட்டைச் சுற்றிய கட்டு தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். பட்டையைக் கொஞ்சம் நனைத்து, இழுத்துச் சுற்றி, நுனியில் பெவிகால் தொட்டுச் சின்ன பின் ஒன்று அடித்தால் போதும்.