பிரிந்த பின் ஸ்காபரோவிலிருந்து கிழக்கே: வாடகைக்கு முன் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோவுக்குக் கிழக்கே டூரம் பிராந்தியத்திலுள்ள ஏஜாக்ஸிலோ ஓஷவாவிலோ வாடகை குறைவாக ஒரு வீடு இருக்கிறதாம் என்று யாராவது சொன்னதும் முற்பணத்தோடு ஓடாதீர்கள். பிள்ளைகளோடு தனியாகக் குடிபெயர்பவருக்கு ஒழுங்கு முக்கியம்: முதலில் மற்றப் பெற்றோருக்கு எழுத்தில் அறிவித்தல், அடுத்தது பாடசாலை, வீடு அதற்குப் பிறகு. இதைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் கையெழுத்திட்ட லீஸோடு (வாடகை ஒப்பந்தத்தோடு) நீதிமன்றப் படியேறுகிறார்கள்.

அதற்கும் முன் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். துணைவர் ஸ்பொன்சர் செய்து வந்து, நிரந்தர வதிவிடமும் (பி.ஆர்.) கிடைத்துவிட்டதா? திருமணம் உண்மையானதாக இருந்திருந்தால், பிரிவதால் மட்டும் அது பறிபோகாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையை 2017 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். "உன் பி.ஆரை வெட்டிவிடுவேன்" என்பது வெறும் மிரட்டல். ஸ்பொன்சர் செய்தவரின் 3 வருடப் பொறுப்பும் பிரிவோடு முடியாது. அந்தக் காலத்தில் நீங்கள் சமூக உதவிப் பணம் எடுத்தால் அரசு அதை அவரிடம் அறவிடலாம். பி.ஆர். இன்னும் வரவில்லை, விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது என்றால் கதை வேறு. அவர் ஸ்பொன்சரை மீளப்பெறலாம். வேறெதையும் தொடங்குமுன் குடிவரவுச் சட்டத்தரணியைப் பாருங்கள்.

60 நாள் அறிவித்தல்

2021 மார்ச் 1 முதல் கனடாவின் விவாகரத்துச் சட்டமும் ஒன்ராறியோவின் பிள்ளைகள் சட்டமும் இதில் ஒன்றையே சொல்கின்றன. மற்றப் பெற்றோரோடு பிள்ளைக்குள்ள உறவைப் பெரிதாகப் பாதிக்கும் தூரத்துக்குப் போவதென்றால், குறைந்தது 60 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். போகும் தேதி, புது முகவரி, இனிமேல் பிள்ளை அவரை எப்படிச் சந்திக்கும் என்ற உங்கள் திட்டம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மறுப்பதற்கு அவருக்கு 30 நாள். உடன்படிக்கையோ நீதிமன்றக் கட்டளையோ இருந்து, இருவரும் அதன்படி நடந்துவந்திருந்தால், நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பது பிள்ளை எவரோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏறக்குறையச் சரிபாதி என்றால், போவது பிள்ளைக்கு நல்லது என்று போகிறவர் காட்ட வேண்டும். மிகப் பெரும்பகுதி உங்களோடுதான் என்றால், கூடாது என்று மறுப்பவர் காட்ட வேண்டும்.

ஸ்காபரோவிலிருந்து மாகாணத்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள வின்ட்சருக்குப் போவது இந்த வகை என்பதில் சந்தேகமே இல்லை. ஸ்காபரோவின் மோர்ணிங்சைடிலிருந்து ஏஜாக்ஸ் 20 நிமிடம். அது வெறும் முகவரி மாற்றமாகவே கருதப்படக்கூடும், அதற்கும் எழுத்தறிவித்தல் தேவை. ஆனால் வார நாளில் தகப்பன்தான் பிள்ளையைப் பாடசாலையால் கூட்டிவருகிறார் என்றால் அந்த 20 நிமிடமும் பெரிதாகிவிடும். ஐயம் இருந்தால் 60 நாள் கொடுத்துவிடுவதே புத்தி. குடும்ப வன்முறை இருந்தால் அறிவித்தல் கொடுக்காமலே நீதிமன்றத்திடம் விலக்குக் கேட்கலாம். இருக்கும் வாடகை வீட்டையும் என்15 படிவம் கொடுத்து 28 நாளில் விடலாம். மற்றபடி மாத வாடகையாளர் 60 நாள் கொடுக்க வேண்டும். சமூக சேவைகளுக்கு வழிகாட்டும் 211 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

நல்ல பாடசாலை என்றால் எது

நம்மவர்கள் எடுத்தவுடன் பார்ப்பது ஃபிரேசர் ஆய்வு நிறுவனம் பாடசாலைகளுக்குக் கொடுக்கும் 10க்கு இத்தனை என்ற பட்டியல். அது ஈ.கியூ.ஏ.ஓ. மாகாணப் பரீட்சையிலிருந்து எடுத்தது. தொடக்கப் பாடசாலையில் தரம் 3, 6 பிள்ளைகள் மட்டுமே அந்தப் பரீட்சை எழுதுகிறார்கள். புதிதாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த பாடசாலை அதில் கீழே நிற்கும்; ஆனால் நேற்று வந்திறங்கிய உங்கள் பிள்ளைக்கு முழுநேர ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) ஆசிரியர் உள்ள அந்தப் பாடசாலைதான் உதவும். 8.5 புள்ளிக்காக மாதம் 400 டொலர் கூடக் கொடுப்பதை எங்களால் நியாயப்படுத்த முடியவில்லை.

பொதுப் பாடசாலையில் இடம் முகவரியைப் பொறுத்தது. டூரம் மாவட்டப் பாடசாலைச் சபையின் இணையத்தளத்தில் பாடசாலை தேடும் பக்கம் இருக்கிறது. வீட்டு இலக்கத்தோடு சரியான முகவரியைப் போடுங்கள். ஒரே தெருவின் இரட்டை இலக்கம் ஒரு பாடசாலைக்கும் ஒற்றை இலக்கம் வேறொன்றுக்கும் போகலாம். விட்பி, ஓஷவா வடக்கில் புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் இன்னொரு பொறி: அந்தப் பகுதிக்கான பாடசாலை இன்னும் கட்டப்பட்டிருக்காது. அதுவரை பிள்ளைகளைத் தூரத்திலுள்ள வேறொரு பாடசாலைக்கு பஸ்ஸில் அனுப்புவார்கள். வீடு விற்பவரோ வாடகைக்கு விடுபவரோ இதைத் தானாகச் சொல்லமாட்டார். பாடசாலை அலுவலகத்துக்கே அழைத்து, "இந்த முகவரிக்கு வரும் செப்டெம்பரில் எங்கே இடம்?" என்று கேளுங்கள்.

உயர்தரப் பாடசாலையில் பிள்ளை இருந்தால் தேதியும் முக்கியம். செமஸ்டர் நடுவில் மாறினால் கிரெடிட் சிக்கலாகும், புதுப் பாடசாலையில் அதே பாடம் அந்த நேரத்தில் இல்லாமல் போகலாம். ஜனவரிக் கடைசி அல்லது ஜூன் கடைசி, இந்த இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். கோடையில் அலுவலகங்கள் பெரும்பாலும் பூட்டியிருப்பதால் பதிவை ஜூனுக்குள் முடித்துவிடுங்கள்.

லீஸ் என்ற ஒற்றைத் தாள்

பேஸ்மென்டுக்கு வாடகையைக் காசாகக் கையில் கொடுத்து, ஹைட்ரோ (மின்சார) பில்லும் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், நீங்கள் அங்கே இருப்பதற்கு உங்களிடம் ஒரு தாளும் இல்லை. பாடசாலை முகவரி அத்தாட்சி கேட்கும். வருமான வரி அலுவலகமும், இருவரும் தனித்தனி முகவரியில் இருப்பதைக் காட்டச் சொல்லலாம். மாகாணத்தின் நிலையான லீஸ் படிவத்தையே கேளுங்கள். வாடகைப் பற்றுச்சீட்டு கேட்டால் இலவசமாகத் தரவேண்டியது சட்டம்.

வீட்டுக்காரர் கேட்கக்கூடிய வைப்புப் பணம் கடைசி மாத வாடகை மட்டும். திறப்புக்குச் சிறு தொகை வாங்கலாம், அதையும் திருப்பித் தரவேண்டும். சேத வைப்பு, ஆறு மாத முற்பணம் என்று கட்டாயப்படுத்த முடியாது. குளியலறையோ சமையலறையோ வீட்டுக்காரரோடு பகிராத வீட்டில், பிள்ளைகள் இருக்கிறார்கள், நிதியுதவியில் வாழ்கிறீர்கள் என்பதற்காக மறுப்பது மனித உரிமைச் சட்டத்துக்கு விரோதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடென்றால் வருடாந்த வாடகை உயர்வுக்கு உச்ச வரம்பு இல்லை. பளபளக்கும் புதுக் கட்டடம் முதல் வருடம் மலிவாக இருந்து இரண்டாம் வருடம் துரத்திவிடலாம். பேஸ்மென்ட் நகரசபையில் பதிந்த இரண்டாவது குடியிருப்பா என்றும் பாருங்கள். இல்லையென்றால், தீயணைப்புப் பரிசோதனை ஒன்று வந்ததும் பிள்ளை வருட நடுவில் மறுபடி பாடசாலை மாறவேண்டிவரும்.

காசுக் கணக்கு

பிரிந்து 90 நாள் தனித்தனியாக வாழ்ந்ததும், அடுத்த மாத முடிவுக்குள் வரி அலுவலகத்துக்கு அறிவியுங்கள். சீ.சீ.பீ. (பிள்ளைகளுக்கான அரச மாதக் கொடுப்பனவு) அதன்பின் உங்கள் ஒருவர் வருமானத்தில் கணக்கிடப்படும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை, வருமானம் 37,487 டொலருக்குக் கீழ் என்றால் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வருடம் 7,997, 6 முதல் 17 வயது வரையானவருக்கு 6,748 டொலர். பிள்ளை இருவரோடும் குறைந்தது 40 வீத நேரம் இருந்தால் ஆளுக்குப் பாதி. வருமானமே இல்லாவிட்டாலும் வரிப் பத்திரம் நிரப்பாதவருக்குக் கொடுப்பனவு நின்றுவிடும்.

சிறுவர் பராமரிப்பு மானியத்தை நடத்துவது நகரங்களும் பிராந்தியங்களும். ரொறன்ரோ மானியம் உங்களோடு டூரத்துக்கு வராது, அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வீடு உறுதியாகும் முன்பே பராமரிப்பு நிலையக் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போடுங்கள்.

வாடகையில் மிச்சம் பிடித்ததைக் கார் தின்றுவிடக் கூடாது. கோ என்ற புறநகர் ரயிலின் நிலையத்துக்கு நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய வீட்டைப் பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கோ ரயிலில் இருந்து டீ.டீ.சி.க்கோ (ரொறன்ரோ நகரப் போக்குவரத்து) டூரம் பஸ்ஸுக்கோ மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை. கார் காப்புறுதித் தவணை தபால் குறியீட்டைப் பொறுத்தது. லீஸில் கையெழுத்திடுமுன் அந்தக் குறியீட்டைக் கொடுத்து விலை கேளுங்கள்.

குடிபுகுந்ததும் சாரதிப் பத்திர முகவரியை 6 நாளுக்குள், சுகாதார அட்டையை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். பாடசாலைக்கு நீதிமன்றக் கட்டளையின் பிரதியைப் பதிவு நாளிலேயே கொடுத்துவிடுங்கள். அது கோப்பில் இல்லாதவரை, பிள்ளையை இன்னார் கூட்டிப்போகக் கூடாது என்று நீங்கள் வாயால் சொல்வதை வைத்து அலுவலகம் எந்தப் பெற்றோரையும் தடுக்க முடியாது.