வளரும் ஸ்டாரை டிரேட் செய்தது சரியா, தப்பா? ஒரு பக்கத்தில் கணக்குப் போடும் முறை

ரேஸ்கோர்ஸ் பக்கம் காலைக் கூடைப்பந்து ஆட்டம் முடித்து டீக்கடையில் நிற்கும்போது அமெரிக்க என்பிஏ லீக்கின் டிரேட் (அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது) பற்றிப் பேச்சு கிளம்பினால் டீ ஆறிவிடும், பேச்சு ஆறாது. “ஹாலிபர்ட்டனைப் போய் வித்துட்டாய்ங்களே மாப்ள” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “சபோனிஸ் வந்துதானடா பதினாறு சீசன் கழிச்சு பிளேஆஃப் பார்த்தாய்ங்க” என்பார் இன்னொருவர். பிளேஆஃப் என்பது லீக் ஆட்டங்கள் முடிந்து முன்னணி அணிகள் மோதும் நாக்அவுட் கட்டம். இரண்டும் உண்மைதான். முதலாமவர் 2025-இல் நின்று பேசுகிறார், அடுத்தவர் 2023-இல் நின்று பேசுகிறார். சாக்ரமென்டோ கிங்ஸ் அணி இளம் ஹாலிபர்ட்டனைக் கொடுத்து சபோனிஸை வாங்கிய அந்த டிரேட் நடந்ததோ 2022 பிப்ரவரி 8. அதனால்தான் பேச்சு முடிவதில்லை.

ஒரு நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ‘அன்று தெரிந்தது’, வலப்பக்கம் ‘பிறகு நடந்தது’. இடப்பக்கம் முழுதாக நிரம்பும் வரை வலப்பக்கத்தில் ஓர் எழுத்துகூட எழுதக்கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதலில் யார் யார் கைமாறினார்கள் என்பதை விடாமல் எழுதுங்கள். சாக்ரமென்டோ கிங்ஸ் கொடுத்தது டைரீஸ் ஹாலிபர்ட்டன், பட்டி ஹீல்ட், டிரிஸ்டன் தாம்ப்சன். இண்டியானா பேசர்ஸ் கொடுத்தது டொமாண்டஸ் சபோனிஸ், ஜஸ்டின் ஹாலிடே, ஜெரமி லாம்ப், கூடவே டிராஃப்டில் (ஆண்டுதோறும் புது வீரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது) ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பு. ‘ஹாலிபர்ட்டனா, சபோனிஸா’ என்று இரண்டு பேரோடு சுருக்கினால் கணக்கு முதல் வரியிலேயே தப்பும். சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி என்றால் இரண்டு பக்கத்துச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும் என்பது லீக் விதி. அதற்காகவே சிலர் கூட்டத்தோடு சேர்க்கப்படுவார்கள்.

அடுத்தது வயதும் ஒப்பந்தமும். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மாட்டுத்தாவணியில் இப்போது பஸ்தான் நிற்கிறது, பேரில் மட்டும் மாட்டுச் சந்தை மிச்சம். கிடேரிக் கன்றைக் கொடுத்துக் கறவை மாட்டைப் பிடிக்கிறவர் பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார், இன்னும் எத்தனை ஈத்து தாங்கும் என்று கேட்பார், தீவனச் செலவைக் கூட்டுவார். இங்கேயும் அதே மூன்றுதான். ஹாலிபர்ட்டனுக்கு அன்று 21 வயது, அந்த சீசன் சம்பளம் சுமார் 40 லட்சம் டாலர். சபோனிஸுக்கு 25 வயது, இரண்டு முறை ஆல்ஸ்டார் (லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்), சம்பளம் ஆண்டுக்குச் சராசரியாக 1.8 கோடி டாலருக்கு மேல்.

இருவரின் ஒப்பந்தமும் 2024 கோடையில்தான் முடிவதாக இருந்தது. இதைப் பார்த்து ‘சரிசமம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த ஹாலிபர்ட்டன் போன்ற வீரரின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் முடிந்தால், வேறு அணி தரும் விலையை அப்படியே கொடுத்துப் பழைய அணி அவரைத் தக்கவைக்கலாம். சபோனிஸுக்கு அந்தக் கட்டு இல்லை, விரும்பிய அணிக்குப் போகலாம். ஆகவே கிங்ஸ் கொடுத்தது கையை விட்டுப் போகாத ஆள், வாங்கியது போய்விடக்கூடிய ஆள். இந்த வரிக்கு அடியில் கோடு போடுங்கள்.

மூன்றாவது, ‘வளரும்’ என்ற சொல்லைச் சோதிப்பது. புள்ளிச் சராசரி மட்டும் ஏறியிருந்தால் நம்பாதீர்கள், ஆடும் நிமிடம் கூடினாலே அது கூடும். நிமிடமும் பந்துப் பொறுப்பும் கூடியபின் ட்ரூ ஷூட்டிங் (எறியும் முயற்சிக்கு எவ்வளவு புள்ளி தேறுகிறது என்ற சதவீதம்) தாங்கி நிற்கிறதா என்று பாருங்கள். எறிந்த ஃபிரீத்ரோவை (எதிரணியின் தவறுக்கு ஈடாகத் தடையின்றி எறிவது) 0.44-ஆல் பெருக்கி, ஃபீல்டு கோல் முயற்சியோடு (ஆட்டத்தின் நடுவே கூடையை நோக்கி எறிவது) கூட்டி, இரண்டால் பெருக்கி, அதனால் புள்ளியை வகுக்க வேண்டும். 14 முயற்சி, 5 ஃபிரீத்ரோ, 20 புள்ளி என்றால் 14-உம் 2.2-உம் சேர்ந்து 16.2, இரட்டித்தால் 32.4. இருபதை அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 62 சதவீதம். அது நல்ல கணக்கு. ஒரு வாரத்து ஆட்டத்தை வைத்துப் போடாதீர்கள், குறைந்தது முப்பது ஆட்டம் வேண்டும்.

பிறகு பொருத்தம். கிங்ஸிடம் டி'ஆரன் ஃபாக்ஸ் இருந்தார், 2021 டிராஃப்டில் ஒன்பதாவதாக டேவியன் மிட்செலையும் எடுத்திருந்தார்கள். பந்தைக் கொண்டுபோகும் கார்டு மூன்று பேர், கூடைக்கு அருகே ஆடும் சபோனிஸ் மாதிரிப் பெரிய ஆள் பற்றாக்குறை. இதைப் பழைய வீடியோவில் நேரே பார்க்கலாம்: ஃபாக்ஸ் பந்தோடு போகும் பத்துத் தாக்குதலை ஓடவிட்டு, பந்தில்லாத ஹாலிபர்ட்டனை மட்டும் கவனியுங்கள். மூலையில் நின்று மூன்று புள்ளி எறிகிறாரா, சும்மா நிற்கிறாரா? அவர் அந்த எறிதலில் 40 சதவீதத்துக்கு மேல் போட்டவர். அதனால் ‘ரெண்டு பேரும் சேர்ந்து ஆடவே முடியாது’ என்ற வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. கார்டு ஒருவரை விற்றே ஆக வேண்டுமென்றால் யாரை என்பதுதான் கேள்வி. அங்கேதான் கிங்ஸ் பிசகியது.

டிராஃப்ட் வாய்ப்புகள் உள்ள டிரேட் என்றால் தனி வரி எழுதுங்கள்: எந்த ஆண்டு, பாதுகாப்பு நிபந்தனை (வாய்ப்பு முன்வரிசையில் விழுந்தால் கொடுத்த அணியே வைத்துக்கொள்வது) உண்டா, கொடுக்கும் அணிக்கு அந்த ஆண்டில் என்ன வயதாகியிருக்கும். 2019 ஜூலையில் கிளிப்பர்ஸ் பால் ஜார்ஜுக்காக ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், கலினாரி, ஐந்து முதல் சுற்று வாய்ப்பு, இரண்டு இடமாற்று உரிமை (டிராஃப்ட் வரிசையில் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை) எல்லாம் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்குக் கொடுத்தது. அதில் ஒரு வாய்ப்பில்தான் தண்டர் 2022-இல் ஜேலன் வில்லியம்ஸை எடுத்தது. ஆனால் இடப்பக்கத்தில் ஒன்றை மறக்காமல் எழுத வேண்டும்: அந்த டிரேட் நடந்ததால்தான் நட்சத்திர வீரர் கவாய் லெனார்ட் கிளிப்பர்ஸுக்கு வந்தார். விலை இருவருக்கும் சேர்த்துத்தான்.

இப்போது வலப்பக்கம். ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று மூன்று தவணையில் எழுதுங்கள். 2023-இல் கிங்ஸ் 48 வெற்றியோடு பிளேஆஃப் போனது, முதல் சுற்றில் வாரியர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸும் ஸ்பர்ஸுக்குப் போய்விட்டார். பேசர்ஸ் 2024-இல் கிழக்குப் பிரிவு இறுதி, 2025-இல் லீக் இறுதி. அதே இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டனின் அக்கிலிஸ் தசைநார் கிழிந்தது. அந்தக் காயத்தை வைத்து ‘வித்தது நல்லதாப் போச்சு’ என்று சொல்வது கணக்கே இல்லை. 2022-இல் அதை யாரும் பார்த்திருக்க முடியாது.

பேசும்போது ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஆளாளுக்கு முதல் ஐந்து நிமிடம் எதிர்க் கட்சிக்காகத்தான் பேச வேண்டும். பேசத் தெரியாதவர் இடப்பக்கத்தை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

பிப்ரவரியில் வரும் டிரேட் கெடு அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் மூன்று, நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. செய்தி வந்த அன்றைக்கே இடப்பக்கத்தை எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டுவிடுங்கள். வலப்பக்கத்தை அடுத்த பிப்ரவரியில் திறந்தால் போதும்.