சைக்ளோட்ரான் பீக்கைப் பார்த்து ஏமாறாதீங்க

கேலியம் ஆர்சனைடுல மெல்லிசா ஒரு எலக்ட்ரான் லேயர், அதுக்கு செங்குத்தா பலமான காந்தப்புலம், மேல டெராஹெர்ட்ஸ் ஒளி. ஸ்பெக்ட்ரத்துல பளிச்சுன்னு ஒரு சைக்ளோட்ரான் பீக் (காந்தப்புலத்துல எலக்ட்ரான்கள் வட்டமடிக்கற அதிர்வெண்ல ஒளியை உறிஞ்சறதால வர்ற முகடு) வந்துடும், உடனே அதை வெச்சு எலக்ட்ரான்கள் ஒண்ணையொண்ணு எவ்ளோ பலமா தள்ளுதுன்னு கணக்கு போட உக்காந்துடறாங்க, இதான் முதல் தப்பு. 1961-லயே வால்டர் கோன்ங்கற இயற்பியலாளர் சொல்லிட்டாரு, அந்த பீக்குக்கு எலக்ட்ரான்களோட உள்சண்டை தெரியவே தெரியாதுன்னு. ஒளியோட அலைநீளம் ரொம்பப் பெருசு, மொத்தக் கூட்டத்தையும் ஒரே மாதிரி ஆட்டும், கூட்டத்துக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கிட்டா மொத்தக் கூட்டத்தோட மையம் நகருமா என்ன? இங்க எலக்ட்ரானோட செயல்நிறை (படிகத்துக்குள்ள அதுக்கு இருக்கற மாதிரி தெரியற நிறை) சாதா நிறையில 0.067 பங்கு, 10 டெஸ்லாவுல பீக் சுமார் 4.2 டெராஹெர்ட்ஸ், அடர்த்தியை இரட்டிப்பாக்கினாலும் கிட்டத்தட்ட அங்கயேதான் நிக்கும். ஆனா இதையே கிராஃபீனுக்கும் அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க லாண்டாவ் லெவல் (காந்தப்புலத்துல எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் படி) காந்தப்புலத்தோட வர்க்கமூலமா ஏறுது, கோன் சொன்னது செல்லாது.

பிளாஸ்மானை (எலக்ட்ரான் கூட்டம் சேர்ந்து அலையா ஆடறதை) சைக்ளோட்ரானோட சேர்க்கும்போது அதிர்வெண்ணை நேரா கூட்டிடறது அடுத்த தப்பு. வர்க்கத்தைத்தான் கூட்டணும். சைக்ளோட்ரான் 4 டெராஹெர்ட்ஸ், பிளாஸ்மான் 1-ன்னா விடை 5 இல்ல, 4.12. அந்த 1-உம் நிலையான எண் இல்ல, ரெண்டு பரிமாணத்துல அது அலை எண்ணோட (அலைநீளம் குறைஞ்சா ஏறற எண்) வர்க்கமூலத்தைப் பொறுத்தது, பக்கத்துலயே மெட்டல் கேட் (உலோக மின்முனை) இருந்தா அந்த விதியும் மாறி நேர்விகிதமாயிடும்.

எனக்கு ஆப்பு வெச்சது ஓர மேக்னெட்டோபிளாஸ்மான். காந்தப்புலத்தை ஏத்த ஏத்த எல்லா பீக்கும் மேல போகணும்னு மனசுல ஃபிக்ஸ் பண்ணிட்டு இருந்தேன், கீழ ஒரு சின்ன பீக் மட்டும் எதிர்த்திசையில இறங்கிக்கிட்டே போச்சு, சாம்பிள் ஹோல்டரோட சேட்டைன்னு நெனச்சு பேக்ரவுண்டுல கழிச்சுட்டேன், ரெண்டு வாரம் கழிச்சுத்தான் புரிஞ்சது, அதுதான் சாம்பிளோட விளிம்புல ஓடற அலை. வட்டமான சாம்பிள்ல காந்தப்புலம் இல்லாதப்ப 1-ல இருக்கற பீக், சைக்ளோட்ரான் 4 ஆகும்போது ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு 4.24-க்கு ஏறும், இன்னொண்ணு 0.24-க்கு விழும். இந்த விளிம்பு அலை ஒரே திசையிலதான் சுத்தும், காந்தப்புலத்தைத் திருப்பினா சுத்தறதும் திரும்பிடும், அதனால ப்ளஸ் பக்கம் மட்டும் அளந்துட்டு எழுந்து போயிடாதீங்க.

அப்புறம் சாம்பிளை சாய்ச்சா: 60 டிகிரி சாய்ச்சுட்டு சைக்ளோட்ரானுக்கு முழு காந்தப்புலத்தையே போடக்கூடாது, லேயர் மெல்லிசா இருந்தா அதுக்கு செங்குத்தான பகுதி, அதாவது பாதிதான் கணக்கு. ஸ்பின்னுக்கு (எலக்ட்ரானோட உள்ளார்ந்த காந்தத் தன்மைக்கு) மட்டும் முழுசா போடுங்க.