ஞாயிற்றுக்கிழமை இரவில் மீட்டரைப் பாருங்கள்

பல்கலைக்கழக வளாகத்தில் மின்சாரத்தைச் சேமிக்க நினைப்பவர்கள் முதலில் சுவரொட்டி அச்சடிக்கிறார்கள். அதற்கு முன், ஒரு ஞாயிறு இரவு 10 மணிக்கு உங்கள் துறைக் கட்டடத்தின் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் விடியற்காலை 5 மணிக்கு மறுபடியும் குறியுங்கள். ஆளில்லாத அந்த 7 மணி நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஏன் ஓடியது என்பதிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். தென் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் 19 ஆண்டுகளாக மின் பராமரிப்பு பார்க்கிறேன். இதைவிட நேரான வழியை நான் கண்டதில்லை.

பெரிய கட்டடங்களில் மின்னோட்டம் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) என்ற கருவி வழியாகக் குறைந்துதான் மீட்டருக்கு வரும். சி.டி.யில் 200/5 என்று இருந்தால், அதாவது 200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்தால், பல மீட்டர்களில் காட்டும் எண்ணை 40ஆல் பெருக்க வேண்டும். சில மீட்டர்கள் தாமே பெருக்கிக் காட்டும். உங்களுடையது எந்த வகை என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வேதியியல் கட்டடத்தில் ஒரு ஞாயிறு இரவு இப்படிப் பார்த்தபோது மீட்டர் 1.4 ஏறியிருந்தது. 40ஆல் பெருக்கினால் 56 யூனிட். அதாவது மணிக்கு 8 யூனிட். அடுத்த ஞாயிறு டார்ச்சுடன் மாடி மாடியாக ஏறினோம். மூன்று வாட்டர் கூலர்கள் யாரும் குடிக்காத தண்ணீரைக் குளிரவைத்துக்கொண்டிருந்தன. கருத்தரங்கக் கூடத்தில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போட்ட ஏ.சி. இரண்டும் அணைக்கப்படவில்லை. கணினி அறையில் திரைகள் மட்டும் இருண்டிருந்தன, சி.பி.யு. பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

எது எவ்வளவு இழுக்கிறது என்று அறிய பிரேக்கர்களை இறக்கி ஏற்றிப் பார்க்காதீர்கள். உறைபெட்டிக்குள் ஓர் ஆய்வு மாணவியின் மூன்றாண்டு உழைப்பு இருக்கலாம். வயரைச் சுற்றிக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் நிறுத்தாமலே ஒவ்வொரு வயரிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்துவிடலாம். அதையும் எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

கூலர்களுக்கு டைமர் வைத்தோம், ஒரே நாளில் முடிந்தது. வகுப்பறைகள்தான் அதிக நாள் எடுத்தன. மாலையில் அறைகளைப் பூட்டும் காவலரிடம், ஏன் மின்விசிறிகள் ஓடுகின்றன என்று கேட்டேன். பலகையில் 14 சுவிட்ச். எது எதற்கென்று யாரும் தனக்குச் சொன்னதில்லை, எதையாவது அணைத்துத் திட்டு வாங்க வேண்டாமென்று விட்டுவிடுகிறேன் என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. மறுநாளே பூட்டும்போது அணைக்க வேண்டியவற்றுக்குச் சிவப்புப் புள்ளியும், இரவில் எரிய வேண்டியவற்றுக்குப் பச்சைப் புள்ளியும் வைத்தோம். காலையில் அறை திறந்து பெருக்கும் அம்மாக்களுக்கும் காவலர்களுக்கும் ஒவ்வோர் அறையாகக் காட்டினோம். 75 வாட் மின்விசிறிகள் பன்னிரண்டு, மாலை 5 முதல் காலை 9 வரை ஓடினால் 14.4 யூனிட் போகும். அது ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு மட்டும்.

மின்விசிறிகளை மாற்றப் பணம் கிடைத்தால் விடுதியிலும் நூலகத்திலும் தொடங்குங்கள். விருந்தினர் வரும் அரங்கில் வேண்டாம். பி.எல்.டி.சி. எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட மின்விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் இடத்தில் ஒன்றுக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதை மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு மின்விசிறி சரியில்லை என்கிறார்கள்.

ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் (பி.இ.இ.) கணக்கு.

தண்ணீர் மோட்டார்களையும் கவனியுங்கள். உயர் அழுத்த இணைப்புள்ள வளாகங்களுக்கு யூனிட் கட்டணம் தவிர, அந்த மாதம் தொட்ட உச்ச மின்தேவைக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஏ.சி.கள் எல்லாம் ஓடும் நண்பகலில் விடுதி மோட்டாரையும் போட்டால் அந்த உச்சம் ஏறும். எங்கள் வளாகத்தில் இரவு 10 மணிக்குப் பிறகு தொட்டியை நிரப்புகிறோம். நிரம்பியதும் நிற்க மிதவை சுவிட்ச் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைக் கையால் தூக்கிப் பார்த்துச் சோதிப்போம்.

இவ்வளவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு ஞாயிறு இரவும் இரண்டு எண்கள், பக்கத்தில் கையொப்பம். வேதியியல் கட்டடத்தின் இரவுக் கணக்கு இப்போது 20 யூனிட்டில் நிற்கிறது. அதில் பெரும்பகுதி உறைபெட்டிகளும் சர்வரும் எடுப்பது. அவை ஓடத்தான் வேண்டும்.