மாநிலச் சட்டமன்றப் பதிவை வைத்து அமெரிக்க காங்கிரஸ் வேட்பாளரை விமர்சிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க காங்கிரஸுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு, போட்டியிடுபவர்களில் நிறைய பேர் முதலில் மாநிலச் சட்டமன்றத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வருபவர்கள். அவர்களை எதிர்த்து எழுத நினைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. சட்டமன்ற இணையதளத்திலோ லீஜிஸ்கேன், ஓப்பன் ஸ்டேட்ஸ் போன்ற தளங்களிலோ பெயரைத் தட்டினால் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டளித்தார் என்று வந்துவிடும். வம்பும் இந்த வசதியில்தான் இருக்கிறது. 50 மாநிலங்களுக்கும் 50 விதமான விதிகள். அந்தச் சபையின் விதியைப் பார்க்காமல் ஓட்டை மட்டும் எண்ணி எழுதினால், எதிர்த்தரப்பு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும்.

இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒபாமா. 1997 முதல் 2004 வரை இல்லினாய் மாநில செனட்டில் (மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையில்) இருந்தபோது ஆதரவும் இல்லாமல் எதிர்ப்பும் இல்லாமல் ‘பிரசன்ட்’ என்று ஏறக்குறைய 130 முறை ஓட்டளித்திருக்கிறார். முடிவெடுக்கப் பயந்தவர் என்று பின்னாளில் இதை வைத்துத் தாக்கினார்கள். ஆனால் இல்லினாயில் ஒரு மசோதா நிறைவேற, அன்று வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. மொத்தமுள்ள 59 செனட்டர்களில் 30 பேர் ஆதரிக்க வேண்டும். அதனால் ‘பிரசன்ட்’ ஓட்டும் நடைமுறையில் எதிர் ஓட்டுக்குச் சமம்தான். கருக்கலைப்பு தொடர்பான சில மசோதாக்களில் இப்படி ஓட்டளிக்கச் சொன்னது தாங்கள் வகுத்த உத்திதான் என்று அந்த உரிமைக்காகப் போராடும் அமைப்பே சொன்னது. சரி, அப்படியானால் 130-ஐயும் விட்டுவிடலாமா? வேண்டாம். உத்தி என்று சொல்ல முடியாத ஓட்டுகளைத் தனியாக எடுத்து, இதில் ஏன் ‘பிரசன்ட்’ என்று கேட்கலாம். மொத்த எண்ணிக்கையைத் தலைப்பில் போடுவதைவிட அது கடினமான கேள்வி.

அதே ஒபாமா 2000-இல் சிகாகோவில், அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்த பாபி ரஷ்ஷை எதிர்த்து காங்கிரஸ் பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில்) நின்றார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1999 டிசம்பரில், துப்பாக்கிக் குற்றங்களுக்கான ஒரு சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதை மீண்டும் கொண்டுவர கவர்னர் ஜார்ஜ் ரயன் அவசரமாகச் சட்டமன்றத்தைக் கூட்டினார். ஒபாமா அப்போது குடும்பத்துடன் ஹவாயில் இருந்தார். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பி வரவில்லை, மசோதா தோற்றது. ரஷ்ஷின் மகன் அந்த அக்டோபரில்தான் சுடப்பட்டு இறந்திருந்தார். விமர்சனம் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இங்கேயும் விதியைப் பாருங்கள். மே 31-க்குப் பிறகு நிறைவேறும் சட்டம் உடனே அமலுக்கு வர வேண்டுமென்றால் இல்லினாயில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு தேவை, அதாவது செனட்டில் 36 ஓட்டு. மசோதாவுக்குப் பற்றாமல் போனது ஒரே ஓட்டு அல்ல. எனவே ‘இவர் வராததால்தான் மசோதா தோற்றது’ என்று எழுதினால் தவறு. ‘தன் தொகுதி மக்களை உலுக்கிய விஷயத்தில் ஓட்டெடுப்பு நாளன்று இவர் ஊரில் இல்லை’ என்றால் உண்மை. இரண்டாவதே போதுமான அளவு வலிக்கும். பிரைமரியில் அவர் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார், அதற்கு வேறு காரணங்களும் இருந்தாலும்.

அடுத்து, ‘எத்தனை மசோதா கொண்டுவந்தார், எத்தனை நிறைவேறியது’ என்ற கணக்கு. எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது இதுதான். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2015, 2016 ஆண்டுகளில் வாஷிங்டன் மாநில செனட்டில் இருந்தார். செனட் அப்போது குடியரசுக் கட்சி வசம். 2016 காங்கிரஸ் தேர்தலில் சியாட்டில் தொகுதியில் அவரை எதிர்த்து நின்ற பிரேடி வாக்கின்ஷாவும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். ஆனால் அவர் இருந்த மாநிலப் பிரதிநிதிகள் சபையில் அவர்கள் கட்சிக்கே பெரும்பான்மை. இந்த இருவரின் மசோதாக் கணக்கை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சபையில் யார் கை ஓங்கியிருந்தது என்பதுதான் தெரியும், யார் திறமைசாலி என்பது தெரியாது. பல மாநிலங்களில் கமிட்டித் தலைவர் நினைத்தால் ஒரு மசோதாவை விசாரணைக்கே எடுக்காமல் கிடப்பில் போடலாம். கொலராடோவில் அது முடியாது, ஒவ்வொரு மசோதாவுக்கும் கமிட்டியில் விசாரணை உண்டு. ஆக, நிறைவேறாத மசோதா எங்கே நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும்.

பட்ஜெட் ஓட்டை வைத்து அடிப்பதும் இப்படித்தான். நூற்றுக்கணக்கான வரவு செலவு இனங்கள் ஒரே மசோதாவில் இருக்கும். அதை எதிர்த்தவரை ‘பள்ளிப் பணத்தை வெட்டியவர்’ என்றும், ஆதரித்தவரை ‘வரியை ஏற்றியவர்’ என்றும் அதே நாளில் எழுதிவிடலாம். 2004 அதிபர் தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜான் கெர்ரி 350 முறை வரி உயர்வுக்கு ஓட்டளித்தார் என்று புஷ் தரப்பு சொன்னதே, அந்தக் கணக்கில் வரிக் குறைப்பை எதிர்த்த ஓட்டுகளும் சேர்ந்திருந்தன. மசோதாவின் பெயரையும் எண்ணையும் மட்டும் நம்பவும் கூடாது. கலிஃபோர்னியாவில் ஒரு மசோதாவின் உள்ளடக்கத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, அதே எண்ணில் சம்பந்தமே இல்லாத வேறொன்றை நிரப்புவது பழைய வழக்கம். ஓட்டெடுப்பு நாளன்று இருந்த வடிவத்தைத் தேடிப் படியுங்கள்.

ஓட்டுகளைப் பார்த்து உறுப்பினர்களுக்கு அமைப்புகள் தரும் மதிப்பெண்களும் உண்டு. துப்பாக்கி உரிமைக்காரர்கள் ஏ முதல் எஃப் வரை போடுவார்கள். எந்த ஓட்டுகளைக் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்வதே அந்த அமைப்புதான் என்பதைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தினால் தப்பில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு ‘எதைச் சொன்னாலும் சூழ்நிலை அப்படி’ என்று வேட்பாளருக்கு வக்காலத்து வாங்குவதும் தவறுதான். சிறுபான்மைக் கட்சியில் இருந்தவருக்கும் தன் பெயரில் எதை முன்மொழிவது என்ற சுதந்திரம் இருந்தது. முன்னுரிமை என்னவென்று அதில்தான் தெரியும். வாடகை வீட்டுக்காரர்களுக்காகப் பேசுவேன் என்று இன்று மேடையில் சொல்பவர் ஆறு ஆண்டுகளில் வீட்டு வசதி பற்றி ஒரு மசோதாகூட முன்மொழியவில்லை என்றால் கேளுங்கள்.

கடைசியாக, சபைக்கு வெளியே அவர் செய்யும் தொழிலையும் பாருங்கள். டெக்சாஸில் சட்டமன்ற உறுப்பினர் சம்பளம் மாதம் 600 டாலர், கூட்ட நாட்களுக்குத் தனிப் படி. வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாட்கள்தான். அதனால் ஏறக்குறைய எல்லோருக்கும் வேறு தொழிலோ வருமானமோ இருக்கும். தன் தொழிலைத் தொடும் மசோதாக்களில் ஒருவர் எப்படி ஓட்டளித்தார், அந்தத் துறையிலிருந்து யார் நன்கொடை தந்தார்கள் என்பதையெல்லாம் பொதுப் பதிவிலிருந்தே தேடிச் சேர்க்கலாம். வேலை அதிகம்தான். எழுதும்போது மசோதா எண், தேதி, எந்தக் கட்டத்து ஓட்டு என்பதோடு அந்த ஓட்டுக்கு வேட்பாளர் அன்று சபையில் சொன்ன காரணத்தையும் சேர்த்துப் போடுங்கள், அது உங்களுக்கு வசதியாக இல்லாவிட்டாலும்.