பழ ஈயின் ஹிஸ்டோன் குறிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹிஸ்டோன்கள் டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்கள்; அவற்றில் ஏறும் வேதிக் குறிகளை ஆன்டிபாடியால் பிடித்து, ஒட்டிவரும் டி.என்.ஏ.வைப் படித்து இடம் காண்பதே சிப்-சீக். அதைத் தொடங்குவோர் ஒரே குழிகளில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். டியூப் மாறிப்போனால் உடனே தெரிந்துவிடும். கீழே உள்ளவை அழகான படமாக வெளிவந்து ஏமாற்றும்.

ஸ்பைக்-இன் (அளவுகோலாகக் கலக்கும் வேறு உயிரியின் குரோமாட்டின், அதாவது ஹிஸ்டோனோடு சேர்ந்த டி.என்.ஏ.) இல்லாமல் ஒப்பிடுவது

எச்3கே27எம்இ3 குறியை (எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் லைசினில் மூன்று மெத்தில்) போடும் ஈ(இசட்) நொதியைக் குறைத்துவிட்டு, அந்தக் குறி எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். இரு மாதிரிகளின் மொத்த ரீட்களையும் (படித்த டி.என்.ஏ. துண்டுகள்) சமன்படுத்தி, "பெரிய மாற்றமில்லை" என்று முடிவெழுதுகிறார்கள். எரிச்சலூட்டும் தவறு இது. மாதக்கணக்கான உழைப்பு வீணாகிறது. குறி எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் சரிந்தால், சமன்படுத்தலே அந்தச் சரிவை மறைத்துவிடும்.

ஆன்டிபாடி சேர்ப்பதற்கு முன்பே, சோனிகேட் செய்த (ஒலியால் துண்டாக்கிய) மனித குரோமாட்டினை எல்லா மாதிரிகளிலும் ஒரே விகிதத்தில் கலக்க வேண்டும். ரீட்களை ஈ, மனித ஜீனோம்களில் பொருத்திய பிறகு கணக்கு இப்படி வரும்: கட்டுப்பாட்டு மாதிரியில் 2 கோடி ரீட்களில் 1.9 கோடி ஈயினுடையவை, 10 லட்சம் மனிதருடையவை என்போம். குறி பத்தில் ஒன்றாகச் சரிந்தால் அதே 2 கோடியில் ஈக்கு ஏறக்குறைய 1.31 கோடியும் மனிதருக்கு 69 லட்சமும் கிடைக்கும். மனித ரீட்களால் வகுத்தால் 19, 1.9 என்று உண்மை வெளிப்படும். பின்னணி பூஜ்யம் என்று கொண்ட கணக்கு இது. நிஜத்தில் சரிவு சற்றுக் குறைவாகத் தெரியும்.

டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்த பிறகு சேர்க்கும் ஸ்பைக்-இன் ஆன்டிபாடி பிடித்த அளவைப் பற்றி எதுவும் சொல்லாது. இன்புட்டையும் (ஆன்டிபாடி சேர்க்காமல் எடுத்துவைத்த பங்கு) சீக்வென்ஸ் செய்யுங்கள்: கலந்த விகிதம் உண்மையில் என்னவாக இருந்தது என்பது அங்கேதான் தெரியும்.

ஆன்டிபாடியை நம்பிவிடுவது

எச்3 வாலில் கே9, கே27 இரண்டும் ஏ-ஆர்-கே-எஸ் என்ற ஒரே அமினோ அமில வரிசையில் அமர்ந்துள்ளன. எம்இ3 ஆன்டிபாடி இடம் மாறிப் பிடித்தால் பாலிகாம்ப் பகுதி (கே27 குறியோடு மரபணுக்கள் அடக்கப்பட்ட இடம்) ஹெட்டெரோகுரோமாட்டினாகத் (கே9 குறி கொண்ட இறுகிய பகுதியாக) தோன்றும். ஒவ்வொரு புதிய லாட்டையும் பெப்டைடு டாட் பிளாட்டில் (குறியுள்ள பெப்டைடுகளைப் புள்ளிகளாக வைத்து, ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று பார்ப்பது) சோதியுங்கள்.

ஆண், பெண் கலப்பது

எச்4கே16 அசிட்டைலேற்றம் ஆணின் எக்ஸ் குரோமோசோமில் மிகுதி. பிரித்தே எடுங்கள்.

பல இடங்களில் பொருந்தும் ரீட்களை எறிவது

எச்3கே9எம்இ2, எம்இ3 பெரும்பாலும் மீள்வரிசைகளில்தான் (ஜீனோமில் பல இடங்களில் திரும்ப வரும் வரிசைகள்) இருக்கின்றன. வடிகட்டினால் அவையே போய்விடும்.

குறியைக் காரணமாக்குவது

ஹை-சி படத்தில் (ஜீனோமின் எந்தப் பகுதிகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று காட்டுவது) டாட் (TAD, தமக்குள் அதிகம் தொடும் பகுதி) எல்லையும் குறியின் எல்லையும் ஒத்துப்போவது தொடர்பை மட்டுமே காட்டும். ஈயில் இதைச் சோதிக்க வழி உண்டு: ஏறக்குறைய 100 பிரதிகள் கொண்ட ஹிஸ்டோன் மரபணுத் தொகுப்பை நீக்கி, மாற்றிய ஹிஸ்டோனை வைக்கலாம். 2013இல் எச்3கே27ஆர் (27ஆம் லைசினுக்குப் பதில் மெத்தில் குறி ஏறாத ஆர்ஜினின்) பாலிகாம்ப் குறைபாடுகளையே காட்டியது. 2012இல் எச்3கே4ஆர் (4ஆம் லைசினில் அதே மாற்றம்) செல்களில் மரபணுக்கள் தொடர்ந்து இயங்கின.