நூல் அளவுக் குழாயை நம்பி நிற்கும் தோல்

எண்ணூர் விரைவுச் சாலை, மணலி பக்கமிருந்து கண்டெய்னர் லாரி ஏறிய கால்கள் எங்கள் ஆபரேஷன் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கணுக்காலை ஒட்டிய பகுதியில் எலும்பை மூடப் பெரிதாகச் சதை கிடையாது. தோல் உரிந்தால் எலும்புதான். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுறை போன எலும்பில் தோல் ஒட்டு பிடிக்காது. ஆனாலும், “தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா டாக்டர்?” என்று நோயாளிகள் கேட்டுப் பெரிய ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள். நாள் போகப்போக எலும்பு காய்ந்து சீழ் பிடிக்கிறது.

பெர்ஃபொரேட்டர் ஃபிளாப் இதற்குத்தான். பெரிய தமனியிலிருந்து கிளம்பித் தோலுக்கு ஏறும் சிறு ரத்தக் குழாய் ஒன்றை டாப்ளரால் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி) தேடி, அது ஊட்டும் தோலையும் கொழுப்பையும் விசிறி இறக்கை போலச் சுழற்றிக் காயத்தை மூடுகிறோம். 180 டிகிரி வரை திருப்பலாம். தசைக்கும் பெரிய தமனிக்கும் சேதமில்லை.

எங்கள் தரப்பில் நடக்கும் தவறு, டாப்ளர் சத்தத்தை நம்பிக் குழாயைக் கண்ணால் பார்க்குமுன்பே நான்கு பக்கமும் வெட்டிவிடுவது. ஒரு பக்கம் மட்டும் திறந்தால், குழாய் மெலிந்திருந்தாலும் திட்டத்தை மாற்ற வழி இருக்கும். சுற்றியுள்ள நார்களை முழுக்க விடுவிக்காமல் திருப்பினால், அதோடு சேர்ந்து ஓடும், சுவர் மெல்லிய சிரைதான் முதலில் முறுகி அடைபடும்.

தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் ஆபரேஷனுக்கு மறுநாள் இரவு காலைத் தொங்கப் போட்டுக் கஞ்சி குடித்தார். “டாக்டர், சாயங்காலம் இந்த நிறம் இல்லை” என்று அவர் மனைவிதான் ஓடி வந்தார். ஃபிளாப்பின் நுனி நாவற்பழம்போல் இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் ரத்தம் சட்டென்று திரும்பியது: உள்ளே வந்தது வெளியேறவில்லை. காலை உயர்த்தி, கட்டைத் தளர்த்தி, இரண்டு தையலை வெட்டினோம். விடியும்போது நிறம் தெளிந்தது. அந்த அம்மா விடியும்வரை பொறுத்திருந்தால் நுனி கருகியிருக்கும்.

ஃபிளாப் வெளுத்துச் சில்லிட்டாலும் உடனே கூப்பிடுங்கள்; அப்போது ரத்தம் உள்ளேயே வரவில்லை. கட்டை நீங்களாக அவிழ்க்கவோ இறுக்கவோ வேண்டாம். பீடி, சிகரெட் அறவே கூடாது. நிகோடின் அந்த நூல் குழாயைச் சுருக்கிவிடும். வீட்டுக்குப் போனபின் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். ஃபிளாப்பில் உணர்ச்சி குறைவாக இருக்கும், சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.